மோனோவில் காணாமல் போன கிற்றார்

நீங்கள் கேட்டது, நல்ல ஸ்டீரியோ வைடனர் பிளக்இன் (ஒலியை இடமும் வலமும் அகலமாக்கும் மென்பொருள்) எது, அதை எத்தனை வீதத்தில் வைப்பது என்று. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்த நாலு வரிதான் உண்மையான கேள்வி. ஒரே ஒரு தடவை வாசித்த அக்குஸ்டிக் கிற்றாரைப் பிரதி எடுத்து, ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் 'ஃபேஸ்' (phase) பொத்தானை அழுத்தியதும் ஹெட்போனில் கிற்றார் அறை முழுக்க நிறைந்தது. அதற்கு மேல் மாஸ்டரில், அதாவது முழுப் பாட்டும் சேரும் தடத்தில், ஒரு வைடனரை 160இல் போட்டீர்கள். இப்போது ஒற்றை ஸ்பீக்கர் போனில் போட்டால் கிற்றார் இல்லை, அதன் ரிவேர்ப் (அறை எதிரொலி) மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கிறது. மச்சானின் ஓட்டோவில் மட்டும் கிற்றார் வடிவாகக் கேட்கிறது. ஆக, எந்தப் பிளக்இன் என்பதை விட, ஹெட்போனில் கேட்ட அகலம் வெளியில் போனதும் ஏன் நிற்கவில்லை, நிற்கிற அகலத்தை எப்படிச் செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஓட்டோ விசயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஒலிப் பொறியியல் முறையாகப் படித்தவன் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ரயில் போகும் வரை பாடகரை நிறுத்தி வைத்துப் பதிவு செய்கிற சின்ன அறையில் பதினான்கு வருடமாக மிக்ஸ் செய்கிறேன். பக்திப் பாட்டு, கலியாண வீடியோ, குறும்படம் என்று வருவதெல்லாம் செய்வேன். உங்கள் கோப்பை நான் கேட்கவில்லை. எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ஸ்டீரியோவில் நாம் கேட்கிற அகலம் என்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம், வேறொன்றுமில்லை. இரண்டிலும் ஒரே ஒலி இருந்தால் அது எவ்வளவு சத்தமாக இருந்தாலும் நட்ட நடுவில்தான் கேட்கும். இதைக் கணக்காக எழுதினால், இடதையும் வலதையும் கூட்டினால் வருவது 'நடு', இடதிலிருந்து வலதைக் கழித்தால் வருவது 'பக்கம்'. மிட், சைட் என்று பிளக்இன்களில் போட்டிருப்பது இதைத்தான். இது கணினிக் காலத்து வித்தையும் இல்லை. இங்கிலாந்தில் அலன் புளூம்லைன் 1931இல் பதிந்த காப்புரிமையிலேயே இந்தக் கூட்டல் கழித்தல் இருக்கிறது. 1961இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட எஃப்எம் ஸ்டீரியோ முறையும் இதே கணக்குத்தான். கூட்டலை வழக்கமான இடத்தில் அனுப்பிவிட்டு, கழித்தலை 38 கிலோஹெர்ட்ஸ் சுற்றி ஏற்றி அனுப்புவார்கள். பழைய மோனோ றேடியோ கூட்டலை மட்டும் எடுத்துப் பாடும். இன்றைக்கும் சிக்னல் மெலிந்தால் கார் றேடியோ நமக்குச் சொல்லாமலே ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு இறங்கிவிடும்.

மோனோ என்றால் கூட்டல் மட்டும், பக்கம் முழுவதுமாகப் போய்விடும். இப்போது உங்கள் கிற்றாரைப் பாருங்கள். ஃபேஸ் பொத்தான் என்று நாம் சொல்வது உண்மையில் பொலாரிட்டி. அலையின் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் புரட்டிவிடுகிறது. இடதில் கிற்றார், வலதில் அதே கிற்றார் தலைகீழாக. இரண்டையும் கூட்டினால் பூச்சியம். உங்கள் கிற்றார் நூறு வீதம் பக்கத்தில் இருக்கிறது, நடுவில் ஒரு சொட்டும் இல்லை. ரிவேர்ப் மட்டும் தப்பியதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்டீரியோவாக வாங்கி ஸ்டீரியோவாகக் கொடுக்கிற ரிவேர்ப் இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு எதிரொலிகளைச் செய்யும். அவை ஒன்றுக்கொன்று சரியான தலைகீழ் இல்லையென்பதால் கூட்டும்போது அழிவதில்லை. ஆள் போய் நிழல் மட்டும் நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தது நல்ல உவமை. எனக்கு அதுவே துப்பாகவும் இருந்தது.

அப்படியானால் ஹெட்போனில் ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது? ஹெட்போனில் இடது காது இடதை மட்டுமே கேட்கும், வலது வலதை மட்டுமே. இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை. மூளைக்கு அந்த ஒலியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலைக்கு வெளியே சிதறவிடுகிறது. அந்தச் சிதறலைத்தான் நாம் அகலம் என்று கொண்டாடுகிறோம். ஸ்பீக்கரில் அப்படியில்லை, இரண்டு ஸ்பீக்கரும் இரண்டு காதுக்கும் போகும். காற்றிலேயே கொஞ்சம் கூட்டல் நடந்துவிடும், கீழ் ஸ்தாயி முதலில் மெலியும். அதனால் ஹெட்போனில் மட்டும் மிக்ஸ் செய்பவர்களுக்கு இந்தப் பொறி எப்போதும் காத்திருக்கிறது.

இனி மாஸ்டரில் போட்ட 160. வைடனர்களில் பெரும்பாலானவை செய்வது ஒன்றுதான், பக்கத்தின் சத்தத்தைக் கூட்டுவது, அல்லது நடுவைக் குறைப்பது. வோக்செங்கோவின் எம்எஸ்ஈடி என்ற இலவசப் பிளக்இன் இதை ஒளிவுமறைவில்லாமல் இரண்டு குமிழாகவே தருகிறது. படிப்பதற்கு அதைவிட நல்லது இல்லை. ஐசோடோப்பின் ஓசோன் இமேஜரும் இலவசம், படமும் காட்டும். ஆனால் 160 என்ற எண்ணுக்கு எல்லாவற்றிலும் ஒரே பொருள் இல்லை. ஒவ்வொரு கம்பனியும் தன் குமிழுக்குத் தன் அளவு வைத்திருக்கிறது. ஆகவே எத்தனை வீதம் என்று நான் சொன்னாலும் அது உங்கள் பிளக்இன்னுக்குப் பொருந்தாது. பொருந்துவது கணக்கு மட்டும். இடது ஓரத்தில் மட்டும் இருக்கும் ஒரு ஷேக்கரை எடுங்கள், அதன் அளவு 1 என்று வையுங்கள். கூட்டலையும் கழித்தலையும் பாதியாக்கி எடுத்தால் நடு 0.5, பக்கம் 0.5. பக்கத்தை இரட்டித்தால், அதாவது 6 டெசிபல் கூட்டினால், இடதில் 1.5 வரும், வலதில் மைனஸ் 0.5 வரும். வலதில் இல்லாத ஷேக்கர் இப்போது அங்கே தலைகீழாக எட்டிப் பார்க்கிறது. மோனோவில் கூட்டினால் பழையபடி 1. ஆக இந்த வகை வைடனர் மோனோவில் எதையும் உடைக்காது. அது கூட்டியதை மோனோ திருப்பி எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் ஸ்டீரியோவில் 1.5 கேட்டுக்கொண்டு குரலுக்குப் பக்கத்தில் ஷேக்கரின் அளவைத் தீர்மானித்திருப்பீர்கள். போனில் கேட்பவருக்கு அந்தத் தீர்மானம் போய்ச் சேராது. இன்னொன்று, முழு மாஸ்டருக்கும் இதைப் போட்டால் குரலும் பேஸும் நடுவில் இருப்பதால் அவை ஒப்பீட்டில் பின்னுக்குப் போகும். பாட்டு பெரிதாகிவிட்டது, பாடகர் சின்னதாகிவிட்டார் என்று யாராவது சொன்னால் முதலில் அந்தக் குமிழைத்தான் பார்ப்பேன்.

உடைக்கிற வகை வேறு. அதை என் செலவில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஆடிவேல் திருவிழாக் காலத்துக்கென்று ஒரு பக்திப் பாட்டு. புல்லாங்குழல் ஒற்றை மைக்கில் பதிந்தது. தனியாக மெலிந்து நின்றது. அதைப் பிரதி எடுத்து வலது பக்கத்தை 10 மில்லிசெக்கன் தாமதித்தேன். இதை ஹாஸ் விளைவு என்பார்கள். ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் ஆய்வேட்டில் அளந்து காட்டியது. சுமார் 30 மில்லிசெக்கனுக்குள் வரும் இரண்டாவது ஒலியை காது தனி எதிரொலியாக எடுக்காது, முதலாவதோடு சேர்த்துவிடும். ஸ்டூடியோவில் குழல் அப்படியே விரிந்து படுத்தது. எனக்கோ பெரிய சந்தோசம். கோயில் வீதியில் வரிசையாகக் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர்களில், எல்லாம் ஒரே மோனோ, அதே பாட்டு வந்தபோது நான் கச்சான் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். வித்துவான் ஒரு சுரத்தில் நின்றால் குழல் தடித்து வருகிறது, அடுத்த சுரத்துக்கு வழுக்கினால் மேல் ஸ்தாயிக்குத் தாவியது போல் மெலிந்து கீச்சிடுகிறது. கமகம் முழுக்க விட்டுவிட்டுத்தான் கேட்டது.

காரணத்தை அன்று இரவு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 10 மில்லிசெக்கன் தாமதித்த பிரதியை மூலத்தோடு கூட்டினால் 50, 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று நூறு நூறாக ஏறி ஒவ்வொரு இடத்திலும் குழி விழும், அதாவது அந்த இடத்து ஒலி அழியும். குழல் 450 ஹெர்ட்ஸில் நின்றால் அதன் அடிச்சுரம் நேரே குழிக்குள் விழும். ஆனால் அதன் இரட்டிப்பான 900 அழியாமல் பலப்படும். அதுதான் ஸ்தாயி தாவியது போலக் கேட்டது. 500இல் நின்றால் எல்லாமே சேர்ந்து தடிக்கும். ஒரு நிலையான ஓசைக்கு இது வெறும் நிறமாற்றம். சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகிற நம் சங்கீதத்துக்கு இது கொலை. அன்றிலிருந்து வழுக்குகிற வாத்தியத்தில், அதாவது குழல், வயலின், நாதஸ்வரம், குரல் என்பவற்றில், ஹாஸ் தந்திரத்தை நான் தொடுவதில்லை. தாமதத்தை மாற்றினால் குழிகள் இடம் மாறும், போகாது.

சரி, அப்படியானால் நிற்கிற அகலம் எது? பழைய பதில்தான், இரண்டாவது தடவை வாசியுங்கள். ஒரே ஆள் ஒரே கோர்ட்டை இரண்டாம் முறை அடிக்கும்போது நேரத்திலும் அழுத்தத்திலும் சுருதியிலும் மயிரிழை மயிரிழையாக மாறிக்கொண்டே இருக்கும். அந்த வித்தியாசம் உண்மையானது, நிலையாக எந்த இடத்திலும் அழியாது. இரண்டு ஓரத்திலும் வைத்த இப்படியான இரட்டை வாசிப்பு மோனோவில் நடுக் குரலோடு ஒப்பிடும்போது சுமார் 3 டெசிபல் இறங்கும். அவ்வளவே. கிற்றார் கொஞ்சம் பின்னால் போகும், காணாமல் போகாது. இரண்டாவது முறை கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு வேறு இடத்தில் பிடித்து வாசித்தால், அல்லது வேறு கிற்றாரை இரவல் வாங்கினால், இன்னும் விரியும். கோரஸ் பாடுகிறவர்கள் மூன்று பேர்தான் என்றாலும் இரண்டு தடவை பாட விட்டு, ஒவ்வொரு தடவையும் நிற்கும் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். இதில் பத்து நிமிடம் செலவாகும், பிளக்இன்னில் பத்து செக்கன். ஆட்கள் பிளக்இன்னுக்குப் போவது ஏனென்று எனக்கும் விளங்காமலில்லை.

இன்னொரு பெரிய வழி, வேறு வேறு வாத்தியங்களை வேறு வேறு பக்கத்தில் வைப்பது. இடதில் கிற்றார், வலதில் அதே தாளத்தில் ஒரு கஞ்சிராவோ கீபோர்டோ. இதைப் பலரும் அகலம் என்றே எண்ணுவதில்லை. ஆனால் நீங்கள் ரசிக்கிற பழைய பாட்டுகளின் விரிவு அநேகமாக இதுதான். மிருதங்கத்தில் மட்டும் நிதானம் வேண்டும். தொப்பிக்கு ஒன்று, வலந்தலைக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்துப் பதிந்துவிட்டு இரண்டையும் ஓரத்துக்கு ஓரம் இழுத்தால் மிருதங்கம் ஒரு பஸ் நீளத்துக்கு வந்துவிடும், வாசிப்பவரின் கை அவ்வளவு நீளமில்லை. நான் முப்பது நாற்பது வீதத்தைத் தாண்டுவதில்லை. அங்கேதான் அந்தப் பொலாரிட்டி பொத்தானுக்கு உண்மையான வேலையும் இருக்கிறது. இரண்டு மைக்கும் எதிரெதிர் முகங்களைப் பார்ப்பதால், ஒன்றின் பொலாரிட்டியைப் புரட்டி, மோனோவில் எந்த நிலையில் தொப்பியின் கும்கி (அந்த முகத்தின் கீழ் ஸ்தாயி ஒலி) தடிப்பாக வருகிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு வாசிப்புத்தான் இருக்கிறது, வாசித்தவர் கனடா போய்விட்டார் என்றால்? அப்போது ஒப்பனை தேவைதான். என் வரிசை இது. மூலத்தை நடுவிலோ கொஞ்சம் சரித்தோ அப்படியே விடுங்கள். அதன் ஒலியை இன்னொரு தடத்துக்கும் அனுப்பி, அங்கே இடதில் சுமார் 8 சென்ட் கூட்டியும் வலதில் 8 சென்ட் குறைத்தும் மைக்ரோபிட்ச் (சுருதியை மயிரிழை மாற்றுவது) போட்டு, மூலத்துக்கு வெகு கீழே கலந்துவிடுங்கள். ஒரு செமிடோனுக்கு நூறு சென்ட் என்பதால் சுருதி கெட்டது தெரியாது. ஈவன்டைட் 1975இல் கொண்டுவந்த எச்910 பெட்டியில் தொடங்கிய பழக்கம் இது. 1979இல் வந்த ரோலண்டின் டைமென்ஷன் டி கோரஸ் இன்னொரு மென்மையான வழி, அதன் சாயல்கள் இப்போது பல பிளக்இன்களில் கிடைக்கின்றன. பொலிவேர்ஸின் வைடர் என்ற இலவசப் பிளக்இன் வேறு ஒரு யோசனை. ஒரு பக்கத்தில் கூட்டியதை மறுபக்கத்தில் கழிக்கிற வகை, மோனோவில் சேர்த்த எல்லாம் அழிந்து பழைய ஒலியே திரும்பி வரும். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகக் கேட்டால் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், அதுதான் அதற்கான விலை. உங்கள் கிற்றாருக்கு அவசரத்துக்கு இதுவே போதும்.

பேஸை மோனோவில் வை என்று எல்லோரும் சொல்வார்களே என்று நீங்கள் இன்னொரு வரி எழுதியிருந்தீர்கள். இதில் நான் அவ்வளவு கறார் இல்லை. இசைத்தட்டுக் காலத்தில் அது கட்டாயம். தட்டின் பள்ளத்தில் பக்கம் என்பது ஊசியின் மேல்கீழ் அசைவு, கீழ் ஸ்தாயி பக்கத்தில் இருந்தால் ஊசி துள்ளிவிடும். இன்று ஊசி இல்லை. ஆனால் மண்டபங்களில் கீழ் ஸ்தாயிக்கென்றே வைக்கிற சப்வூஃபரை மோனோவாகத்தான் பெரும்பாலும் ஓட்டுகிறார்கள், அதனால் நான் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே நடுவிலேயே வைக்கிறேன். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் சிலர் கீழ் ஸ்தாயியிலும் கொஞ்சம் வித்தியாசம் விட்டால்தான் ஒலி நம்மைச் சூழும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது பிழை என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஒழுங்கை அறையில், ஒரு ஸ்பீக்கர் சுவரோடும் மற்றது யன்னலோடும் நிற்கும்போது, எனக்கு அது ஒருநாளும் கேட்டதில்லை.

இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கொரிலேஷன் மீட்டரை நம்பியும் ஏமாறலாம். பிளஸ் ஒன்று என்றால் இரண்டு பக்கமும் ஒன்றே, பூச்சியம் என்றால் தொடர்பில்லை, மைனஸ் ஒன்று என்றால் ஒன்றுக்கொன்று தலைகீழ். உங்கள் மாஸ்டர் மீட்டர் பச்சையில்தான் நின்றது என்று எழுதியிருந்தீர்கள், நின்றிருக்கும். குரலும் பேஸும் கிக் டிரம்மும் நடுவில் பலமாக நிற்கும்போது மொத்தக் கணக்கு பிளஸ்ஸில்தான் வரும், உள்ளே கிற்றார் மைனஸ் ஒன்றில் கிடந்தாலும். மீட்டரை கிற்றார்கள் மட்டும் சேரும் தடத்தில் போட்டுப் பாருங்கள், முள் இடது மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைவிட நல்ல சோதனை காதுதான். நீங்கள் பாவிக்கிற ரீப்பர் மென்பொருளில் மாஸ்டர் ட்ராக்கிலேயே மோனோ பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, ஒரு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு மற்றதில் மட்டும், ஃபேன் சத்தத்தை விடக் கொஞ்சம் கூடுதலான அளவில் கேளுங்கள். வைடனரைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துங்கள், இல்லாவிட்டால் சத்தமானதைத்தான் காது அகலம் என்று சொல்லும்.

உங்கள் இந்தப் பாட்டுக்கு நான் செய்வது இவ்வளவுதான். ஃபேஸ் பொத்தானை விடுவிப்பேன், பிரதியை அழிப்பேன், இன்னொரு தடவை வாசித்து எதிர்ப்பக்கம் வைப்பேன். மாஸ்டர் வைடனரைக் கழற்றிவிடுவேன். பிறகும் ஆசை இருந்தால் சரணத்தில் கிற்றார்களைப் பாதிக்கு ஒடுக்கிவிட்டு, பல்லவி திரும்பும் இடத்தில் மட்டும் ஓரத்துக்கு விரிப்பேன். முன்னால் ஒடுங்கி இருந்ததால் அந்த விரிவு பிளக்இன் தருவதை விடப் பெரிதாகக் கேட்கும்.

இனி ஓட்டோ. இரண்டு ஸ்பீக்கரும் சரியாக ஓடும் ஓட்டோவில், அந்தச் சின்னக் கூட்டுக்குள், உங்கள் கிற்றார் கொஞ்சமாவது மெலிந்து கேட்டிருக்க வேண்டும். வடிவாக, முழுசாகக் கேட்டது என்றால் எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றுகிறது: ஒரு பக்கத்து ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. இடதை மட்டும் கேட்டால் கூட்டுவதற்கு ஆளில்லை, அழிவதற்கும் ஒன்றுமில்லை. ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொழுவியிருந்தாலும் இப்படி வரலாம், ஆனால் அப்போது குரல் மெலிந்திருக்கும், நீங்கள் அதைச் சொல்லவில்லை. மச்சானிடம் சொல்லி இரண்டு ஸ்பீக்கரிலும் ஒருக்கால் காதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எது சரியென்று எனக்கும் தெரிய வேண்டும்.